இரண்டு வீட்டுக்கு ஒரு மீட்டர்

செப்டம்பர் 3, 2024, செவ்வாய்

பச்சைத் திட்டத்தின் விலை இந்த மாதமும் ஏறிவிட்டது. ஒன்றாம் தேதி ஆனால் கரண்ட் கம்பெனிக்காரர்கள் ஒரு விலையை அறிவிக்கிறார்கள். நாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொள்ள வேண்டும். தக்காளி விலை பிடிக்கவில்லை என்றால் கூடையிலேயே போட்டுவிட்டு வரலாம். கரண்டை என்ன செய்வது?

வேறு வழி இல்லாமல் இல்லை. நீலம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் ஒரு வருடத்துக்கு ஒரே விலை, ஊரே பற்றி எரிந்தாலும் மாறாது. நம் வீடு பச்சையில் கிடப்பது நாம் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால் அல்ல. எதையும் தேர்ந்தெடுக்காதவர்களை எல்லாம் ஜனவரியில் மொத்தமாகப் பச்சையில் தள்ளிவிட்டார்கள். தேர்ந்தெடுத்திருக்க வேண்டியவர் அப்பா. மீட்டர் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் செத்து ஒன்பது வருடம் ஆகிறது.

பில்லை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தம்பி அனெஸ்டிஸ் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அவன் பெண்டாட்டி கல்லியோபி தலையைக் காய வைத்துக்கொண்டிருந்தாள், அந்த ஊதும் மெஷினை வைத்துக்கொண்டு. கூந்தல் காய என் கரண்ட்! வாசலில் நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்தேன். பேசினால் நாள் கெட்டுவிடும்.

செப்டம்பர் 5

கம்பெனி அலுவலகம். டோக்கன் எடுத்து ஒரு மணி நேரம். கவுன்டரில் இருந்த பெண், மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வந்தால்தான் திட்டத்தை மாற்ற முடியும் என்றாள். அவர் வர மாட்டார், மேட்டுக் கல்லறையில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பெயர் மாற்றச் சொன்னாள். இறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், பிறகு எலக்ட்ரீஷியன் வந்து வீட்டு வயரிங் முழுவதையும் பார்த்துச் சரியென்று எழுதித் தரும் சான்றிதழ்.

அந்தக் கடைசிச் சான்றிதழுக்குப் பயந்துதான் எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குச் செத்தவர்கள் பெயரில் பில் வருகிறது. எல்லா வீட்டிலும் எலக்ட்ரீஷியன் பார்க்கக் கூடாத ஒன்று இருக்கும்.

எங்கள் வீட்டில் இருப்பது மாடி. தொண்ணூற்றொன்றில் அப்பா அனுமதி வாங்காமல் கட்டியது. நகராட்சிக் காகிதத்தில் எங்கள் வீடு ஒற்றைத் தளம். இல்லாத மாடிக்கு மீட்டர் தர மாட்டார்கள். அதனால் என் சமையலறை போர்டிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் ஜன்னல் வழியாக வெளியே போய், சுவரோடு ஏறி, தம்பி வீட்டுக்குள் நுழைகிறது. பில் வந்தால் பாதி நான், பாதி அவன். அப்பா சொல்லிவிட்டுப் போன கணக்கு.

மேலே அவன், கல்லியோபி, பெண் ஸ்மாரோ. மூன்று பேர் பாதி. கீழே நான் ஒருத்தி பாதி. முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் தாசோஸ் தீவுக்குப் போகும் கப்பலுக்கு டிக்கெட் கொடுத்தவள் நான். மூன்று பேர் ஏறினால் மூன்று டிக்கெட். குடும்பம் என்று சொல்லி ஒன்றரை டிக்கெட்டில் யாரும் தீவுக்குப் போனதில்லை.

செப்டம்பர் 9

அனெஸ்டிஸ் குறுக்கே விழுகிறான். பச்சை ஏறும், இறங்கும், நீலத்தில் மாட்டிக்கொண்ட பிறகு விலை இறங்கினால் என்ன செய்வாய் என்கிறான். எனக்குத் தெரியாதா? அவனுக்கு விலையைப் பற்றிக் கவலையில்லை, ஒயரைப் பற்றித்தான் கவலை. எலக்ட்ரீஷியன் வந்து, பார்த்து, யாராவது எங்காவது எழுதிப்போட்டு, மாடி இருக்கிறது என்று நகராட்சிக்குத் தெரிந்தால் அபராதம் வரும்.

"அப்பா பேரை எதுக்குக்கா இப்பப் போய்க் கிளறுற? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

பாட்டுக்கு இருக்கட்டுமாம். அப்பா படுக்கையில் கிடந்த நாலு வருடமும் இவன் ஜெர்மனியில் தரைக்கு ஓடு பதித்துக்கொண்டிருந்தான். நான்தான் கழுவினேன், நான்தான் ஊட்டினேன். செத்த பிறகு வந்தான், மாடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். இன்றைக்கு அப்பா பெயர் மேல் அக்கறை பொத்துக்கொண்டு வருகிறது.

செப்டம்பர் 17

எலக்ட்ரீஷியன் ஹரிலாவோஸ் வந்தான். எள் தூவிய வளைய ரொட்டியைக் கடித்துக்கொண்டே போர்டைத் திறந்தான். கறுப்பு ஒயரைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினான். இது எங்கே போகிறது என்று கேட்டான். மேலே என்றேன். மேலே என்ன இருக்கிறது என்றான். அவனும் இந்த ஊர்க்காரன், மாடி வீட்டின் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு வந்தவன். ஆனாலும் கேட்டான்.

வழி அவனே சொன்னான். எல்லோரும் செய்வதுதானாம். ஒயரைக் கழற்றிவிட வேண்டும், அவன் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவான், கம்பெனியில் பெயர் மாறிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் என்ன ஒட்டினீர்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

அக்டோபர் 1

மறுபடி ஏற்றம். போதும். நீலம்தான்.

அக்டோபர் 2

ராத்திரி தூக்கம் இல்லாமல் இதையே யோசித்துக்கொண்டிருந்திருப்பான் போல, காலையில் அனெஸ்டிஸே இறங்கி வந்தான். சரி, ஒரே ஒரு நாள் என்றான். பதினாலாம் தேதி திங்கட்கிழமை கழற்றுவது, செவ்வாய்க்கிழமை மாட்டுவது. நான் தலையாட்டினேன். செவ்வாய்க்கிழமை என்று என் வாயால் சொல்லவில்லை.

அப்போதே மனதில் இருந்ததா? இருந்தது. எழுதும்போது எதற்குப் பொய்.

அக்டோபர் 14, திங்கள்

ஒயர் கழன்றது. அனெஸ்டிஸே கழற்றினான், பாம்பைப் பிடிப்பதுபோல் சுற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்தான். ஹரிலாவோஸ் வந்தான், சான்றிதழ் கொடுத்தான். பன்னிரண்டு மணிக்குள் கம்பெனியில் கையெழுத்தும் ஆனது. மீட்டரில் இன்றைய எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். அப்பா கணக்கு அதோடு முடிந்தது, அடுத்த எண்ணிலிருந்து என் கணக்கு. நீலம். ஒரு வருடம். என் பெயர்.

அக்டோபர் 15

ஆறு மணிக்கு ஒயரை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். நான் மேஜை மேல் காகிதத்தை வைத்தேன். இரண்டே வரி. கரண்ட் பில்லில் முக்கால் பங்கு மாடி, கால் பங்கு கீழ்வீடு. கீழே அவன் கையெழுத்துக்கு இடம்.

"இதுல கையெழுத்துப் போடு. அப்புறம் மாட்டிக்க."

"என்னக்கா இது?"

"நாலு பேர் ஏறினா நாலு டிக்கெட். மூணு உங்களது."

படித்தான். அவ்வளவு நேரம் எடுக்கும் காகிதம் இல்லை அது. பின்னால் கல்லியோபி வந்து நின்றிருந்தாள். வாயைத் திறந்தாள். "விடு" என்று அவளிடம் சொன்னான், பார்க்காமலே.

"பாதிக்கு மேல ஒரு காசு தர மாட்டேன். பாதி எதுக்குத் தரேன்னு எனக்குத் தெரியும்."

திமிர். ஏதோ தர்மம் போடுகிறவன் மாதிரி. அப்படியானால் ஒயர் அங்கேயே இருக்கட்டும் என்றேன். போர்டு என் சமையலறையில், சமையலறை என் கதவுக்குள். ஒயரைப் பழையபடி படிக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மாடிக்கு வேறு எங்கும் போய்க் கேட்க முடியாது. புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வியே எந்த மாடி என்பதாக இருக்கும். இரண்டு நாளில் கையெழுத்து வரும்.

அக்டோபர் 17

வரவில்லை.

அக்டோபர் 19

ஃப்ரீசரில் இருந்ததை எல்லாம் கல்லியோபி புதன்கிழமையே ஒரே நாளில் சமைத்துத் தீர்த்தாள், விறகு அடுப்பில். மத்தி மீன், கீரை அடைத்த ரொட்டி, அவள் அம்மா அனுப்பிய ஆட்டுக்கறி. வாசனை என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் தட்டு போனது. எனக்கு வரவில்லை. எனக்கு வேண்டவும் வேண்டாம். அந்த அடுப்புச் சாம்பலைக் குளிர்காலம் முழுக்க என் முற்றத்தில் கொட்டுகிறவள் அவள்.

மேலே சுவிட்ச் போடும் சத்தம் கேட்பதில்லை. இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதே இப்போதுதான் தெரிகிறது.

அக்டோபர் 24

ஸ்மாரோ படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள், வெளிச்சம் இருக்கும்வரை. பள்ளியில் கடைசி வருடம். ஜூனில் பல்கலைக்கழகத் தேர்வு. கீழே வந்து உட்காரேன், லைட் இருக்கிறது என்று சொன்னேன். நான் சொன்னேன், எழுதி வைக்கிறேன், யாரும் நான் அரக்கி என்று சொல்லக்கூடாது.

"வேணாம் அத்தை. அப்பாவுக்குக் கஷ்டமா இருக்கும்."

இந்த வயசிலேயே என்ன பேச்சு பேசுகிறது பார்.

அக்டோபர் 28

தேசிய நாள் அணிவகுப்பில் பள்ளியின் சார்பில் கொடி பிடித்தது ஸ்மாரோவாம். மருந்துக்கடைக்காரி சொன்னாள், நான் பார்த்திருப்பேன் என்ற நினைப்பில். கால் வலி, போகவில்லை என்றேன். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்குத்தான் கொடி கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் பிடித்ததில்லை.

கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஒரு கையெழுத்து. நானா பிடித்து வைத்திருக்கிறேன்?

நவம்பர் 4

மருந்துக்கடைக்காரி இன்று என்னிடம் பேசவில்லை. மாத்திரையைப் பையில் போட்டு நகர்த்தினாள்.

நவம்பர் 9, சனி

போய்விட்டார்கள்.

காலையில் வேன் வந்தது. திராமாவில் கல்லியோபியின் அம்மா வீடு, முக்கால் மணி நேரம். கட்டில், ஃப்ரிட்ஜ், தையல் மெஷின், ஸ்மாரோவின் புத்தகங்கள் மூன்று பெட்டி. வருஷத்து நடுவில் பள்ளி மாற்றம். கடைசி வருடத்தில் யார் இப்படிச் செய்வார்கள்? அந்தப் பெண்ணின் படிப்பு பாழாகட்டும், அக்கா முகத்தில் கரி பூசினால் போதும், அப்படித்தானே? என்னைக் கெட்டவளாக்கத்தான் இவ்வளவும். ஊர் பார்க்க வேன் வைத்து.

நான் உள்ளேயே இருந்தேன். கடைசியில் அனெஸ்டிஸ் வந்தான். மாடிச் சாவியைச் சமையலறை மேஜையில் வைத்தான். அவன் கண் போர்டின் பக்கம் போனது, பிறகு என் பக்கம்.

"கப்பல்ல இனிமே நீ ஒருத்திதான்க்கா. ஒரே டிக்கெட்."

போடா என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை. வேன் திரும்பும்வரை காத்திருந்து சொன்னேன்.

நவம்பர் 10

நிம்மதி. படியில் யாரும் ஏறி இறங்கவில்லை.

டிசம்பர் 12

என் பெயரில் முதல் பில். அச்சடித்து வந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

தொகைதான் எரிச்சலாக இருக்கிறது. ஆனால் இது கணிப்பு பில். மீட்டரைப் பார்த்து எழுதியதல்ல, போன வருடம் இந்த வீடு எரித்ததை வைத்துப் போட்ட குத்துமதிப்பு. நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் ஆள் வந்து மீட்டரைப் படிப்பான். பிப்ரவரியில் வருவான். அப்போது தெரியும், மாடி எவ்வளவு தின்றுகொண்டிருந்தது என்று. கால்வாசிக்கு இறங்கும். அந்தப் பில்லை நகல் எடுத்து திராமாவுக்கு அனுப்பப் போகிறேன். தபாலில், பதிவு செய்து.

டிசம்பர் 25

தனியாகச் சாப்பிட்டேன். கிறிஸ்துமஸ் ரொட்டி வாங்கவில்லை, ஒருத்திக்கு எதற்கு. வீட்டுக்குப் பெரியவர் அதை வெட்டுவது வழக்கம், அப்பா இருந்த காலத்தில்கூட நான்தான் வெட்டுவேன்.

தொலைபேசி அடிக்கவில்லை. நானும் அடிக்கவில்லை.

பிப்ரவரி 3, 2025, திங்கள்

பச்சை விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. தொலைக்காட்சியில் எல்லோரும் புலம்புகிறார்கள். நான் நீலத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அக்டோபர் விலையில். சொன்னேனா இல்லையா! நான் சொன்னதுதான் நடந்தது. இதைச் சொல்லக்கூட வீட்டில் ஆளில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

மீட்டர் படித்த பில் வந்துவிட்டது.

அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை, நான் ஒருத்தி: 2,090 யூனிட்.

தப்பாகப் படித்திருப்பான் என்று வாசலுக்குப் போய் நானே பெட்டியைத் திறந்து பார்த்தேன். அவன் படித்தது சரி. அப்பா பெயரில் வந்த பழைய பில்களை எடுத்தேன். போன வருடம், அதே நான்கு மாதம், இரண்டு வீடும் சேர்ந்து: 2,560.

எத்தனை முறை கழித்தாலும் 470 தான்.

இந்தக் குளிர் போன வருடக் குளிரைவிட அதிகமா? இல்லை, குறைச்சல். நான் புதிதாக ஏதாவது வாங்கினேனா? இல்லை. அதே இரண்டு ரேடியேட்டர் ஹீட்டர். அதே சுடுநீர்த் தொட்டி, அதன் சுவிட்சை நான் அணைப்பதே இல்லை, எப்போது வேண்டுமானாலும் வெந்நீர் வர வேண்டும் எனக்கு. சுவர் ஈரத்துக்கு வைத்திருக்கும் மெஷின், ராத்திரி பகல் ஓடுகிறது. எல்லாம் நான்தான்.

மூன்று பேர் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குகூட எரிக்கவில்லை. பாதி கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது வருடம். நான் முக்கால் கேட்டேன்.

பிப்ரவரி 15

திராமாவுக்குப் போன் செய்தேன். பத்து மணிக்கு எடுத்துவைத்த போன், பதினொன்றரைக்குத்தான் எண்ணை அழுத்தினேன். கல்லியோபி எடுத்தாள். அனெஸ்டிஸ் வேலைக்குப் போயிருக்கிறான் என்றாள். சரி, பிறகு பேசுகிறேன் என்று வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பில் வந்திருக்கிறது, மேல்வீடு எரித்தது ஐந்தில் ஒன்றுகூட இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவளிடம் ஆச்சரியமே இல்லை.

"தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"அஞ்சு வருஷம் முன்னாடி நீங்க வெந்நீர் ஊத்துக்குக் குளிக்கப் போனீங்கல்ல, பத்து நாள்? அப்ப மீட்டரு நகரவே இல்ல. நாங்க அதைப் பாத்துட்டு எழுதியே வச்சோம்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்துகொண்டே ஒருத்தியை முட்டாளாக்கி வைத்திருந்தீர்களா என்றேன். அவள் கத்தவில்லை.

"நான் சொல்லத்தான் வந்தேன். நீங்க காகிதம் நீட்டுன அன்னைக்கிக்கூட வாயைத் திறந்தேன். அவருதான் வேணாம்னுட்டார். சொன்னா அக்கா ஹீட்டரை அணைச்சுட்டுக் குளிர்ல கெடப்பா, அப்பாவைப் பாத்துக்கிட்டவ, பாதியைக் கொடுத்துட்டுப் போவோம்னார்."

கையில் இருந்த பில்லை மடித்தேன்.

"பாதி கொடுக்கறது அவருக்குப் பெரிசா இல்ல அண்ணி. நீங்க எங்களைத் திருடங்க மாதிரி எழுதி வச்சீங்க பாருங்க, அதான்."

ஸ்மாரோ படிக்கிறாள், வைக்கிறேன் என்றாள். வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 16

நாலு வருடம் பார்த்துக்கொண்டதை அவன் மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாதாமாதம் அதற்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான், நான் வாங்கி எண்ணிப் பார்த்து, இன்னும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது. கோபமும் போகவில்லை. ஏண்டா, வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கக் கூடாதா? ஒரு வார்த்தை? சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா? மாட்டேன். மீட்டரை நீ ஏதோ செய்துவிட்டாய் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 20

ஹரிலாவோஸைக் கூப்பிட்டேன். ஒயரை மாட்டச் சொன்னேன். கையெழுத்துப் போட்ட வீட்டில் இதைச் செய்தால் லைசன்ஸ் போய்விடும் என்றான். நீ செய்யாவிட்டால் நானே ஸ்டூல் போட்டு ஏறிச் செய்வேன், செத்துக் கிடந்தால் அதையும் நீதான் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றேன். திட்டிக்கொண்டே மாட்டினான். கம்பெனிக்குத் தெரிந்தால் என் பெயரையும் நீலத்தையும் பிடுங்கிக்கொள்வார்கள். பிடுங்கட்டும்.

அந்த முக்கால் காகிதத்தைக் கிழித்தேன். இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 21

மாடிக்குப் போய் எல்லா சுவிட்சையும் போட்டுப் பார்த்தேன். சமையலறை லைட் மட்டும் எரியவில்லை, பல்பைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். வாங்கி மாட்டினேன்.

மத்தியானம் அனெஸ்டிஸுக்கு எழுதி அனுப்பினேன். நான்கு முறை எழுதி அழித்தேன், நீளமாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அனுப்பியது: "மேலே கரண்ட் இருக்கிறது. பில் முழுக்க என்னுடையது. நான் செய்தது தப்பு."

பிப்ரவரி 25, செவ்வாய்

வெள்ளிக்கிழமையே படித்துவிட்டான் என்று போன் காட்டுகிறது. பதில் இல்லை. மீன் வாங்கி வந்தேன், அரைக் கிலோ போதும் என்றேன், மேல்வீட்டுக்கும் சேர்த்து நான் வாங்கிய பழைய பழக்கத்தில் கடைக்காரன் இரண்டு கிலோ போட்டுவிட்டான்.